ஈம் கிராமத்து தேவாலயமும் நான் திருத்த வேண்டிய ஒரு பதிவும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். இது வரலாற்றுப் பாடம் பாதி, என்னுடைய தவறை ஒப்புக்கொள்வது பாதி.

2020 ஏப்ரலில் ஊரடங்கு நடந்துகொண்டிருந்தபோது இதே பக்கத்தில் நான் ஒரு பதிவு போட்டேன். பழையவர்களுக்கு நினைவிருக்கும். இங்கிலாந்தில் ஈம் என்று ஒரு கிராமம். 1665-ல் அங்கே கொள்ளைநோய் வந்தது. பக்கத்து ஊர்களுக்குப் பரவக் கூடாது என்று ஊரே தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. 350 பேரில் 260 பேர் செத்தார்கள், ஒருவர்கூட எல்லையைத் தாண்டவில்லை. இப்படி எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு குத்தலும் வைத்தேன்: "அவர்கள் உயிரையே கொடுத்தார்கள், நம் ஆட்களால் இரண்டு வாரம் இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை, மூட்டையைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள்."

நிறைய பேர் பாராட்டினீர்கள். திருப்பூரில் தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் பழைய மாணவன் ஒருவன் மட்டும் கீழே இப்படி எழுதியிருந்தான்: "டீச்சர், சோறும் வாடகையும் யாராவது குடுத்தா நாங்களும் இருந்த இடத்துலயே இருப்போம். அந்த ஊர்க்காரங்களுக்கு யார் சோறு போட்டாங்கன்னு சொல்லுங்க."

நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? "மனசு இருந்தால் மார்க்கம் உண்டு. சாக்கு சொல்லாதே" என்று. வகுப்பில் கேள்வி கேட்டவனை "உட்காருடா" என்று சொல்வது மாதிரி. அதற்குப் பிறகு அவன் என் பதிவுகள் பக்கமே வரவில்லை.

போன வருடக் கோடையில் மகள் வீட்டுக்கு ஷெஃபீல்டு போயிருந்தேன். ஈம் அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். டெர்பிஷயர் மலைப்பகுதி. பெயரை எழுதுவது ஒரு மாதிரி, வாயால் சொல்வது 'ஈம்'. ஈமக்கிரியை, ஈமத்தாழி என்று படித்து வளர்ந்த நமக்கு அந்தப் பெயரைக் கேட்டதுமே ஒரு மாதிரி ஆகிறது. தற்செயலான ஒலி ஒற்றுமைதான், யாரும் அதை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிடாதீர்கள்!

ஊர் நடுவில் புனித லாரன்ஸ் தேவாலயம். ஊர் பெரிது இல்லை, கோவிலும் பெரிது இல்லை. சதுரமான கோபுரம், சுற்றிலும் கல்லறைகள், பச்சைப் புல். வாசலுக்கு முன்னால் ஆயிரம் வருடத்துக்கு மேல் பழைய கற்சிலுவை ஒன்று நிற்கிறது. ஆங்கிலோ-சாக்சன் காலத்தது. தண்டில் ஒரு துண்டு காணாமல் போய், இருக்கிறதை வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். தெற்குச் சுவரில் 1775-ஆம் வருடத்துச் சூரியக் கடிகாரம். தூர தேசத்து ஊர்களின் பெயர்களைக்கூட அதில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஊரைப் பூட்டிக்கொண்டதற்காகப் பெயர் வாங்கிய கிராமம், நூறு வருடம் கழித்து உலகத்தின் நேரத்தையெல்லாம் சுவரில் எழுதி வைத்திருக்கிறது.

உள்ளே கொள்ளைநோயில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல். அதன் முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருடம் வகுப்பில் சொன்ன கதைக்கு நான் ஒருநாளும் மூலத்தைத் தேடிப் பார்த்ததில்லை. யாரோ எழுதியதைப் படித்தேன், சொன்னேன். "ஆதாரம் என்ன?" என்று உங்களை ஓயாமல் கேட்ட டீச்சர் செய்த வேலை இது.

மகள் வீட்டில் இருந்த இரண்டு மாதமும் அதே வேலையாக இருந்தேன். அச்சில் கிடைக்கும் பதிவேட்டுப் படி, பழைய ஊர் வரலாறு, புதிய ஆய்வுக் கட்டுரைகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி எழுதிப் படித்தேன். பேரன் "பாட்டிக்கு ஹோம்வொர்க்" என்று கேலி செய்தான்.

முதலில் இந்தப் பதிவேடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-ல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு பங்குக் கோவிலிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாரந்தோறும் எழுதி வைக்க வேண்டும். அந்தப் புத்தகத்தை வைக்க இரண்டு பூட்டுப் போட்ட பெட்டி வேண்டும். ஒரு சாவி குருவானவரிடம், மற்றொன்று கோவில் பொறுப்பாளர்களிடம். ஒருவர் மட்டும் திறந்து எதையும் மாற்றிவிட முடியாது. 1598-ல், உறுதியான தோல் தாளில் எழுத வேண்டும், வருடாவருடம் ஒரு நகல் பிஷப்புக்குப் போக வேண்டும் என்றும் சேர்த்தார்கள். ராஜாக்கள் சரித்திரம் எங்கேயும் கிடைக்கும். சுரங்கக் கூலியின் ஆறு மாதக் குழந்தை எந்தத் தேதியில் செத்தது என்பது இந்தப் புத்தகத்தில்தான் கிடைக்கும். நம்மூர்க் கோவில்களில் தலபுராணம் ஒன்று சொல்லும், கல்வெட்டு ஒன்று சொல்லும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஈமுக்கும் ஒரு தலபுராணம் இருக்கிறது. பதிவேடுதான் அதன் கல்வெட்டு.

அந்தக் கல்வெட்டிலும் ஒரு சிக்கல். 1665-ல் எழுதிய மூலத் தாள்கள் இன்று இல்லை. நமக்குக் கிடைப்பது 1705 வாக்கில் ஜோசஃப் ஹன்ட் என்ற குருவானவர் எடுத்த நகல். நாற்பது வருடம் கழித்து ஒருவர் பார்த்து எழுதியது. (இந்த ஹன்ட் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. சாராயக்கடையில் விளையாட்டாக ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டுவது மாதிரி சடங்கு செய்யப்போய், பிஷப் அதை நிஜக் கல்யாணமாக்கிவிட்டாராம். ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்த வேறொரு பெண் வழக்குப் போட, அமீனாவுக்குப் பயந்து கோவிலை ஒட்டிய அறையிலேயே குடியிருந்தாராம். நகல் எடுக்க அவருக்கு நேரம் கிடைத்திருக்கும்!)

செத்தவர்கள் எத்தனை பேர்? அன்றைக்குக் குருவானவராக இருந்த வில்லியம் மோம்பெசன் கடிதத்தில் எழுதியது 76 குடும்பங்களில் 259 பேர். 2016-ல் வந்த ஆய்வில் 257. கோவிலில் 273 என்றும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தப் பதினான்கு மாதத்தில் முதுமையாலும் பிரசவத்திலும் இறந்தவர்களை எப்படிப் பிரிப்பது என்பதைப் பொறுத்து எண் மாறும். சுமார் 260 என்று நான் சொன்னது அந்த அளவில் சரி.

இனி என் தவறுகள். மூன்று.

முதல் தவறு, 350 பேர் என்றது. இந்த எண், உள்ளூர்க்காரரான வில்லியம் வுட் 1842-ல் எழுதிய ஈம் வரலாற்றிலிருந்து பரவியது. சம்பவம் நடந்து 176 வருடம் கழித்து, ஊர்ப் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதிய புத்தகம். ஆனால் அரசாங்கக் கணக்கு வேறு ஒன்று இருக்கிறது. 1662-ல் இங்கிலாந்தில் அடுப்பு வரி போட்டார்கள். ஒரு கணப்படுப்புக்கு வருடம் 2 ஷில்லிங். யார் வீட்டில் எத்தனை அடுப்பு, யார் வரி கட்ட முடியாத ஏழை என்று பட்டியல் எடுத்தார்கள். அந்தப் பட்டியலையும் பதிவேட்டின் ஞானஸ்நான, திருமணப் பக்கங்களையும் ஒப்பிட்டு, நோய்க்குப் பிறகும் ஊரில் யார் யார் உயிரோடு இருந்தார்கள் என்று ஒவ்வொரு பெயராகத் தேடினார்கள் பிற்கால ஆய்வாளர்கள். அப்போது கிடைத்த மக்கள்தொகை சுமார் 700. ஆக, நான்கில் மூன்று பேர் சாகவில்லை, மூன்றில் ஒருவருக்குச் சற்று அதிகம். அதுவே பயங்கரம்தான். எதற்காக நாம் அதைக் கூட்டிச் சொல்ல வேண்டும்?

இரண்டாவது தவறு, துணிப்பெட்டி. லண்டனிலிருந்து தையற்காரருக்கு ஒரு பெட்டி துணி வந்தது, ஈரமாக இருந்ததால் நெருப்பருகே உலர்த்தினார்கள், அதிலிருந்த தெள்ளுப்பூச்சி ஊரையே கொன்றது என்று வகுப்பில் நடித்தே காட்டியிருக்கிறேன். பதிவேட்டில் பெட்டி இல்லை. ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற பெயரும் 1665 செப்டம்பர் 7 என்ற தேதியும்தான் இருக்கின்றன. இரண்டு வாரம் கழித்து அவர் தங்கியிருந்த வீட்டுப் பையன் எட்வர்ட் கூப்பர். பெட்டிக் கதையை அச்சில் ஏற்றியவர் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மீட், 1720-களில். பிரான்சில் மார்செய்யில் கொள்ளைநோய் வந்த நேரம். என்ன செய்யலாம் என்று அரசாங்கம் அவரைக் கேட்டது. சரக்கு வழியாக நோய் வரும், எல்லையை அடைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்கு ஈம் நல்ல உதாரணமாகக் கிடைத்தது.

பெட்டி வந்தே இருக்கலாம், நான் மறுக்கவில்லை. நோய் அதன் வழியாகத்தான் பரவியது என்பதுதான் சந்தேகம். தெள்ளுப்பூச்சிக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898-ல், அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் கராச்சியில் வைத்துத்தான் சோதித்துக் காட்டினார். 1665-ல் யாருக்கும் அது தெரியாது. 2016 ஆய்வு, பதிவேட்டுத் தேதிகளை வைத்து யாருக்குப் பிறகு யார் என்று கணக்குப் போட்டது. எலி வழியாக வந்தது நான்கில் ஒரு பங்குதான், நான்கில் மூன்று பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கு, அதிலும் பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள் பரவியது என்கிறது. ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்த வரிகளில் வருவதைப் பார்த்தால் நமக்கே அது புரிகிறது.

மூன்றாவது தவறுதான் பெரியது. "ஊரே விரும்பி முடிவெடுத்தது, ஒருவர்கூடத் தாண்டவில்லை" என்றேன்.

தேதிகளைப் பாருங்கள். நோய் வந்தது 1665 செப்டம்பர். எல்லை போட்டது 1666 ஜூன். நடுவில் ஒன்பது மாதம். அந்த அக்டோபரிலேயே இருபதுக்கு மேல் அடக்கங்கள். குளிர்காலத்தில் நோய் தணிந்தது. வசதியும் வேறு இடமும் இருந்த சில குடும்பங்கள் எல்லை போடுவதற்கு முன்பே கிளம்பிவிட்டன. மோம்பெசனும் தன் இரண்டு குழந்தைகளை யார்க்ஷயருக்கு அனுப்பிவிட்டார். இதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன், பெற்றவர் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் என் கதையில் இதை நான் சொன்னதே இல்லை.

மிச்சம் இருந்தவர்கள் யார்? ஈயச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள், சிறு விவசாயிகள், கூலிகள். அவர்கள் எங்கே போக முடியும்? 1662-ல் வந்த சட்டப்படி, பிற்காலத்தில் தங்கள் செலவில் வைத்துக் காப்பாற்ற வேண்டி வரும் என்று தோன்றும் ஏழை யாராவது புதிதாக வந்தால், 40 நாளுக்குள் புகார் செய்து அவரைச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பலாம். 1604 சட்டம் இன்னும் கடுமை. உடம்பில் கொள்ளைநோய்ப் புண்ணோடு, அடைத்து வைத்த வீட்டை விட்டு வெளியே போய்ப் பிறரோடு கலந்தால் தூக்குத் தண்டனை வரை போகலாம். ஷெஃபீல்டு ஊர்க்காவல் கணக்கிலேயே, ஈமில் நோய் இருந்தபோது ஃபுல்வுட் பக்கம் ஆட்கள் வராமல் தடுத்ததற்கான செலவு எழுதப்பட்டிருக்கிறது. டைட்ஸ்வெல் சந்தைக்குப் போன ஈம் பெண் ஒருத்தியை அடித்து விரட்டினார்கள் என்று வுட் எழுதுகிறார். எல்லைக்கு உள்ளே இருந்தவர்கள் வெளியே வரவில்லை என்றுதான் நான் சொன்னேன். வெளியே இருந்தவர்களும் அவர்களை விடவில்லை என்பது எனக்குத் தெரியாது.

சரி, அந்த எல்லை எப்படி நின்றது? இங்கேதான் என் மாணவனின் கேள்வி வருகிறது. சோறு போட்டது யார்?

போட்டார்கள். பக்கத்தில் சாட்ஸ்வொர்த் மாளிகை. அங்கிருந்த டெவன்ஷயர் பிரபுவிடம் மோம்பெசன் பேசினார். ஊர் எல்லைக்குள் இருந்தால் உணவுக்கும் மருந்துக்கும் நான் பொறுப்பு என்று பிரபு ஏற்றுக்கொண்டார். பக்கத்து ஊர்க்காரர்களும் எல்லைக் கல்லருகே சாமான்களை வைத்துவிட்டுப் போனார்கள். குழியுள்ள கல்லில் காடி ஊற்றி, அதில் காசைப் போட்டு வைத்தார்கள் ஈம் மக்கள். அந்தக் கல் இன்றும் ஸ்டோனி மிடில்டன் போகிற வழியில் இருக்கிறது. குழிக்குள் இப்போதும் யாரோ காசு போட்டுவிட்டுப் போகிறார்கள்.

இன்னொரு பெயரையும் நான் விட்டிருந்தேன். தாமஸ் ஸ்டேன்லி. மோம்பெசனுக்கு முன்னால் அந்தக் கோவிலில் ஊழியம் செய்தவர். இரண்டாம் சார்லஸ் வந்தபின், அரசு சொன்ன வழிபாட்டு முறையை ஏற்க மறுத்துப் பதவியை இழந்தவர். ஊர் மக்களுக்கு அவர்மேல்தான் நம்பிக்கை. மோம்பெசனோ 1664-ல் வந்த புதியவர், முப்பது வயதுகூட ஆகவில்லை. பதவியில் இருப்பவரும் பதவி பறிக்கப்பட்டவரும் ஒன்றாக நின்று சொன்னதால்தான் ஊர் கேட்டது. மூன்று முடிவுகள் எடுத்தார்கள். கோவிலைப் பூட்டிவிட்டு குக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில் தள்ளித்தள்ளி நின்று ஆராதனை. எல்லையைத் தாண்டுவதில்லை. இறந்தவர்களை அவரவர் குடும்பமே அவரவர் நிலத்தில் புதைப்பது.

அந்த மூன்றாவது முடிவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேட்டில் ரைலி என்ற பண்ணை. எலிசபெத் ஹான்காக் என்ற பெண் 1666 ஆகஸ்டில் எட்டு நாளில் கணவரையும் ஆறு குழந்தைகளையும் இழந்தாள். ஏழு பேரையும் அவளே புதைத்தாள். அந்தக் கற்கள் இன்றும் வயல் நடுவே சிறு சுவருக்குள் இருக்கின்றன. நான் போய்ப் பார்த்தேன். மகள் "போதும்மா, வாங்க" என்று கையைப் பிடித்து இழுக்கும்வரை நின்றேன். அந்த மாதம் மட்டும் ஊரில் 78 பேர் இறந்தார்கள். மோம்பெசனின் மனைவி கேத்தரின் ஆகஸ்ட் 25-ல் போனார். குழந்தைகளோடு போகச் சொல்லியும் போகாதவர். அவர் கல்லறை தேவாலயத்து முற்றத்தில், பழைய சிலுவைக்குப் பக்கத்தில், இன்றும் பூவோடு இருக்கிறது. கடைசி மரணம் நவம்பர் 1.

தேவாலயத்து முற்றத்தில் குருவானவர் மனைவியின் கல்லறையை எல்லோரும் பார்க்கிறார்கள். அந்தக் கோடையில் செத்த மற்றவர்களில் பெரும்பாலோர் வயலிலும் தோட்டத்திலும் எங்கோ கிடக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கோவிலில் இருப்பது பதிவேட்டில் ஒரு வரி. கடிதம் எழுதியவர் குருவானவர், அதனால் பிற்காலத்தில் கதை அவருடையதாயிற்று. எலிசபெத் ஹான்காக் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. பாட்ரிக் வாலிஸ் என்ற வரலாற்றாசிரியர், இந்த வீரக்கதை ஒவ்வொரு தலைமுறையிலும் எப்படி வளர்ந்தது என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது, வளர்த்தவர்கள் வரிசையில் கடைசியாக நானும் நிற்பதைப் பார்த்தேன்.

ஆதாரங்களைப் பார்த்ததால் ஈம் என் கண்ணில் சிறுத்துவிடவில்லை. முன்பு அவர்கள் எனக்குப் புனிதர்களாகத் தெரிந்தார்கள். இப்போது நம்மைப் போன்ற மனிதர்களாகத் தெரிகிறார்கள். பயந்தார்கள், சிலர் போனார்கள், சிலருக்குப் போக வழி இல்லை, சிலருக்கு வழி இருந்தும் இருந்தார்கள். அவர்களை இருக்கச் சொன்னவர்கள் சும்மா புத்தி மட்டும் சொல்லவில்லை. உணவுக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் இருக்கச் சொன்னார்கள். நான் 2020-ல் சொன்னது புத்தி மட்டும்.

இந்தப் பதிவை எழுதுவதற்கு முன் அந்த மாணவனுக்குப் போன் செய்தேன். "நீ அன்னைக்குக் கேட்டது சரியான கேள்விப்பா. பதில் எனக்குத் தெரியல, அதனாலதான் அதட்டினேன்" என்றேன். "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் டீச்சர்" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கு ராத்திரி நாங்க நடந்துக்கிட்டு இருந்தோம் டீச்சர். கரூர் தாண்டி உக்காந்துதான் அதைப் படிச்சேன்" என்றான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெரிய பொண்ணு ஒன்பதாவது படிக்கிறாளாம், வரலாறு பிடிக்குமாம். அவளுக்கு இந்தக் கதையைச் சரியாகச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பழைய பதிவை அழிக்கவில்லை. அழித்தால் நான் தவறே செய்யாத மாதிரி ஆகிவிடும். மேலே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "இதில் மூன்று தவறுகள் உள்ளன. திருத்தத்தையும் படிக்கவும்."

உங்களில் யாருக்காவது நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்த வேறு ஏதாவது தவறு என்று பின்னால் தெரிந்திருந்தால், தயங்காமல் எழுதுங்கள். இந்த முறை "உட்காரு" என்று சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்